வீட்டுப் பத்திரத்தை வைத்து பிபிஏ படிக்கலாமா?

கரூர் மாவட்டத்திலிருந்து, பிளஸ் டூ முடித்த மாணவி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில், தமிழ் வழியில் படித்தவர். வணிகவியல் பிரிவில் 600க்கு 531 மதிப்பெண். அப்பா ஏற்றுமதியாளர்களுக்கு மேசை விரிப்பும் கிச்சன் டவலும் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறார். மொத்தம் பதினொரு மெஷின்கள். பத்தாம் வகுப்பிலிருந்தே மகளுக்கு பிபிஏ, அதாவது வணிக மேலாண்மைப் பட்டம், படிக்க ஆசை.

ரிசல்ட் வந்த வாரத்திலேயே கல்லூரி சேர்க்கை பிடித்துத் தரும் கன்சல்டன்சிக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்திருக்கிறார். வேறு ஊரில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பிபிஏ. மூன்று வருடத்துக்கு ஹாஸ்டலும் சேர்த்து ஏறக்குறைய பதின்மூன்றரை லட்சம். "முடித்த ஐந்தே வருடத்தில் மேனேஜர்" என்றும், ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகச் சான்றிதழும் சேர்ந்து வரும் என்றும் சொல்லியிருக்கிறார். மூன்று வருடக் கட்டணத்தையும் ஒரே தடவையில் கட்டினால் தள்ளுபடியாம். சீட்டைப் பிடித்து வைக்க 60,000 ரூபாய் கட்டியாகிவிட்டது. அசல் மதிப்பெண் சான்றிதழும் டிசியும் அவர்களிடம் போய்விட்டன. மீதிக்கு, வீட்டுப் பத்திரத்தை ஒரு பைனான்ஸ் நிறுவனத்தில் வைத்து 12 சதவீத வட்டிக்குப் பத்து லட்சம் வாங்க அப்பா தயாராகிவிட்டார். "பிபிஏ படித்தால் ஒன்றும் கிடைக்காது, பி.காம் சேர்ந்து சி.ஏ. பண்ணு" என்கிறார் மாமா. பின்னாளில் எம்பிஏ படிக்க பிபிஏதான் வேண்டும் என்று யாரோ சொன்னதால், பி.காமுக்கு மாறவும் இவருக்குப் பயம்.

"நான் ஆசைப்பட்டது தப்பா சார்? இப்போது விலகினால் பணமும் சர்டிபிகேட்டும் போய்விடும் என்கிறார்களே?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள மகளே,

என் வகுப்பு மாணவிகளிடம் பேசுவதுபோல 'நீ' என்றே எழுதுகிறேன். நீ ஆசைப்பட்டதில் ஒரு தப்பும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதம் முழுக்க நீ யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல எழுதியிருக்கிறாய். நான் இருபது வருடத்துக்கு மேல் மேலாண்மைப் பாடம் நடத்தியவன். அந்தப் படிப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. என் கவலையெல்லாம் அந்தப் பத்திரத்தைப் பற்றித்தான். அதற்கு முன்னால், நாள் கடந்தால் கைவிட்டுப் போகிற விஷயம் ஒன்று இருக்கிறது. அதை முடித்துவிடுவோம்.

கட்டிய பணமும் கொடுத்த சான்றிதழும்

விலகினால் எல்லாம் போய்விடும் என்று உனக்குச் சொன்னது சரியில்லை. பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2018 அக்டோபரில் கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றி ஓர் அறிவிக்கை வெளியிட்டது. தனியார் பல்கலைக்கழகங்களும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் அதற்குள் வரும். சேர்க்கைக்குக் கடைசித் தேதி என்று நிறுவனம் முறையாக அறிவித்த நாளை வைத்துக் கணக்கு. அந்தத் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் கட்டணம் முழுவதும் திரும்ப வர வேண்டும். நடைமுறைச் செலவு என்று அவர்கள் பிடித்துக்கொள்ளக்கூடியது கட்டணத்தில் 5 சதவீதம் வரைதான், அதுவும் 5,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. பதினைந்து நாளுக்கும் குறைவாக இருந்தால் 90 சதவீதம். தேதி கடந்து பதினைந்து நாளுக்குள் என்றால் 80. அதற்கடுத்த பதினைந்து நாளுக்குள் 50. அதையும் தாண்டினால் ஒன்றும் இல்லை. சில ஆண்டுகளில் யுஜிசி இதைவிடத் தாராளமான தேதிகளையும் அறிவித்ததுண்டு. ஆக, நீ யோசிக்க எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. அவர்களுடைய இணையதளத்தில் அந்தக் கடைசித் தேதி என்ன என்று இன்றைக்கே பார்.

சான்றிதழ் விஷயத்தில் அந்த அறிவிக்கை இன்னும் கறாரானது. அசலைச் சரிபார்த்துவிட்டு மாணவரிடமே திருப்பித் தர வேண்டும், பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. கட்டணத்தையும் அந்தந்த செமஸ்டருக்கோ வருடத்துக்கோ மட்டும்தான் முன்கூட்டியே வாங்கலாம். மூன்று வருடப் பணத்தையும் இப்போதே கட்டச் சொல்லி, அதைச் சலுகைபோலக் காட்டியது எனக்குப் பிடிக்கவில்லை. நடுவில் உனக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் ஒரு சிக்கல், அல்லது கல்லூரியே பிடிக்கவில்லை என்றால் இரண்டாவது, மூன்றாவது வருடப் பணத்தை யாரிடம் போய்க் கேட்பாய்?

விலகுவது என்று முடிவானால் போனில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பு, கூடவே பதிவுத் தபாலும். பணம் கட்டிய தேதி, ரசீது எண், திரும்பக் கேட்கும் தொகை, அசல் சான்றிதழ்களின் பெயர்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். ரசீது இல்லாமல் கன்சல்டன்சிக்காரர் கையில் ஏதாவது கொடுத்திருந்தால் அது தனிக் கதை, யுஜிசி விதி அவரைத் தொடாது. இதைப் படிக்கும் மற்ற பெற்றோர்களும் கவனிக்க வேண்டும்: பணம் போக வேண்டியது நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டுமே. பல்கலைக்கழகம் பதிலே போடவில்லை என்றால் முதலில் அங்குள்ள மாணவர் குறைதீர்ப்புக் குழு, அதற்குப் பிறகு யுஜிசியின் இ-சமாதான் என்ற இணையப் புகார் தளம்.

பிபிஏ என்ன தரும், என்ன தராது

பட்டம் வாங்கியதும் மேனேஜர் நாற்காலி கிடைக்கும் என்று நீ நம்புவது தெரிகிறது. அப்படிக் கிடைக்காது. பிபிஏ முடித்தவர்கள் பெரும்பாலும் விற்பனை, வங்கி, மனிதவளப் பிரிவு, வாடிக்கையாளர் சேவை, சரக்குப் போக்குவரத்து போன்ற இடங்களில் கீழ்ப்படியில்தான் தொடங்குகிறார்கள். உங்கள் ஊரிலும் திருப்பூரிலும் என்றால் ஏற்றுமதிக் கம்பெனியில் ஆர்டர்களைப் பின்தொடர்ந்து கவனிக்கும் ஜூனியர் மெர்ச்சண்டைசர், இல்லாவிட்டால் ஷிப்பிங் டாக்குமெண்ட் பார்க்கும் வேலை. நல்ல தொடக்கம்தான். ஆனால் அதே இடத்துக்கு பி.காம் படித்தவரும் வருவார், பொருளாதாரம் படித்தவரும் வருவார். அங்கிருந்து மேலே போவது வேலையில் நீ காட்டும் திறமையையும் அடுத்து என்ன படிக்கிறாய் என்பதையும் பொறுத்தது.

சரி, அப்படியானால் மூன்று வருடத்தில் என்னதான் கிடைக்கிறது? உன் கடிதத்திலேயே அதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. "ஆர்டர் நிறைய இருக்கும் மாதத்தில்தான் அப்பா அதிகமாகக் கடன் வாங்குகிறார், அது ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை" என்று எழுதியிருக்கிறாய். நீ அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கலாம். எனக்கு அந்த வரியைப் படித்ததும், இந்தப் பெண் மேலாண்மை படிக்க வேண்டியவள் என்று தோன்றியது. ஆர்டர் கூடினால் நூல், லேபிள், கரண்ட், கூலி எல்லாம் இன்றைக்கே செலவு. தைப்பவர்களுக்கு சனிக்கிழமைதோறும் கூலி போட்டாக வேண்டும். ஏற்றுமதியாளர் பில்லுக்குப் பணம் தருவதோ அறுபது நாள், தொண்ணூறு நாள் கழித்து. இந்த இடைவெளியை அடைக்கத் தேவைப்படும் பணத்துக்குப் பெயர் நடைமுறை மூலதனம். லாபம் வரும் தொழிலும் கையில் காசில்லாமல் முடங்கிப்போகலாம் என்பதை நிதி மேலாண்மைப் பாடத்தில் படிப்பாய். அதற்குப் பக்கத்திலேயே வணிகச் சட்டம் இருக்கும். பதிவு செய்த குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ மேம்பாட்டுச் சட்டம் சொல்வது அப்போது தெரியவரும். உன் அப்பாவின் யூனிட்டுக்கு அந்த அரசுப் பதிவு, அதாவது உத்யம் பதிவு, இருக்கிறதா? சும்மா கேட்டுப் பார்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. உன் ஊரில் இரண்டு வங்கிகள் பிறந்தன. 1916இல் கரூர் வைஸ்யா வங்கி, 1926இல் லட்சுமி விலாஸ் வங்கி. இரண்டும் அதே வியாபாரிகள் நடமாடிய அதே வீதிகளில் வளர்ந்தவை. முதலாவது இன்றும் நிற்கிறது. இரண்டாவது, பெரிய நிறுவனங்களுக்குக் கொடுத்த கடன்கள் வாராக்கடனாகி, 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டது. ஒரே மண்ணில் முளைத்த இரண்டுக்கு ஏன் இப்படி இரண்டு முடிவு? யாருக்குக் கடன் கொடுப்பது என்று யார் முடிவெடுத்தார்கள், தவறைத் தடுக்க வேண்டியவர்கள் எங்கே போனார்கள்? நல்ல ஆசிரியர் வாய்த்தால் ஒரு செமஸ்டர் முழுக்க இதையே வைத்துப் பாடம் நடத்தலாம். மோசமான கல்லூரியில், மேலாண்மையின் பதினான்கு கோட்பாடுகளை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வந்துவிடுவாய். இரண்டு இடத்திலும் கிடைக்கும் பட்டத்துக்குப் பெயர் பிபிஏதான்.

மாமா சொல்வதையும் தள்ளிவிடாதே. பி.காமில் கணக்குப்பதிவியல், வரி, தணிக்கை ஆழமாக வரும். பிபிஏவில் கணக்கோடு சந்தைப்படுத்தல், மனிதவளம், உற்பத்தி, நிறுவன நடத்தை என்று அகலமாகப் போகும். பேரேடும் ஜிஎஸ்டியும் உனக்குப் பிடிக்கும் என்றால் பி.காம் நல்ல படிப்பு. ஆனால் "சி.ஏ. பண்ணு" என்பதை அவர் நினைப்பதுபோல பி.காமோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை. பிளஸ் டூ முடித்தவர் எந்தப் பட்டப்படிப்பில் இருந்தாலும் சி.ஏ. ஃபவுண்டேஷன் தேர்வுக்குப் பதிவு செய்யலாம். நான்கே தாள், அவற்றில் ஒன்று கணக்குப்பதிவியல், உனக்குப் பழக்கமானதுதான். எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

எம்பிஏ பற்றி உனக்குச் சொன்னதும் தவறு. எம்பிஏ சேர்க்கைக்காக ஐஐஎம்கள் (இந்திய மேலாண்மைக் கழகங்கள்) நடத்தும் கேட் தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டத்தில் 50 சதவீத மதிப்பெண் போதும், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு 45. இன்ஜினியரிங் படித்தவர்கள்தான் அங்கே கூட்டமாக இருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கான டான்செட் நுழைவுத் தேர்வுக்கும் பிபிஏதான் வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. டிஎன்பிஎஸ்சி குரூப் 2, வங்கி அதிகாரி தேர்வு போன்றவற்றுக்கும் பட்டம் ஒன்று இருந்தால் போதும், பிபிஏவும் செல்லும்.

அந்தப் பத்து லட்சம்

இப்போது கணக்குப் போடுவோம். பத்து லட்சம், 12 சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்று வைத்துக்கொள். மாதம் 14,350 ரூபாய் வரும். முடியும்போது மொத்தம் பதினேழு லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள். முதல் வேலையில் உன் கைக்கு 20,000 ரூபாய் வருகிறது என்றால், தவணை போக மிச்சம் 5,650. வெளியூரில் ஹாஸ்டல் வாடகைக்கே அது போய்விடும்.

அதைவிட முக்கியம், அப்பா வாங்கப் போவது கல்விக் கடன் இல்லை, வீட்டு அடமானக் கடன். அதற்கு அடுத்த மாதமே தவணை தொடங்கிவிடும். வங்கிகளின் கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கேட்க மாட்டார்கள் (வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும்). இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை சொத்து ஜாமீனும் வேண்டாம், மூன்றாம் நபர் ஜாமீனும் வேண்டாம். ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் இல்லை. அதற்கு மேல் போகும்போதுதான் வீட்டுப் பத்திரம் என்ற பேச்சே வருகிறது. பிபிஏவுக்கு ஏழரை லட்சத்துக்கு மேல் கடன் தேவைப்படுகிறது என்றால், நீ தேர்ந்தெடுத்த இடம் உன் குடும்பத்துக்குப் பொருந்தவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். இது என் அபிப்பிராயம். ஆனால் அழுத்தமாகவே சொல்கிறேன்.

உங்கள் தொழிலின் நிலைமையையும் மறக்கக் கூடாது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீதான இறக்குமதி வரியை அமெரிக்கா 50 சதவீதமாக ஏற்றியபோது கரூர், திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் எப்படித் தவித்தார்கள் என்பது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த மாதிரி ஒரு வருடம் மறுபடி வந்தால், பதினொரு மெஷினும் பாதி நேரம் சும்மா நிற்கும்போது 14,350 ரூபாய் எங்கிருந்து வரும்? வீடு இருந்தால்தான் அப்பா அந்த வருடத்தைத் தாண்ட முடியும்.

உனக்கு வேறு வழியே இல்லையென்றால் இந்தக் கடனைப் பற்றி யோசிக்கலாம். ஆனால் உன் மதிப்பெண்ணுக்கு வழிகள் நன்றாகவே இருக்கின்றன. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்குத் தமிழ்நாடு அரசின் ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். திருச்சி, கோவை, சென்னையில் உள்ள அரசு உதவி பெறும் கல்லூரிகள் தனியாக விண்ணப்பம் வாங்குகின்றன. அங்கெல்லாம் உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என்று இரண்டு இருக்கும், பிபிஏ எதில் வருகிறது என்று கேட்டுக்கொள். நீ ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள், அதனால் தமிழ்நாட்டில் கல்லூரி சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் கணக்குக்கு வரும். பஸ் பாஸ், புத்தகம், சி.ஏ. ஃபவுண்டேஷன் புத்தகச் செலவு என்று எதற்காவது ஆகும். பெரிய பணம் உண்மையிலேயே செலவழிக்க வேண்டியிருந்தால், மூன்று வருடம் கழித்து ஒரு நல்ல எம்பிஏவுக்குச் செலவழி. அப்போது உனக்கு 21 வயது. எங்கே போக வேண்டும் என்று நீயே சொல்லும் நிலையில் இருப்பாய்.

எந்தக் கல்லூரிக்குப் போனாலும் கேட்க வேண்டியவை

அங்கீகாரம்: கல்லூரிகள் நடத்தும் பிபிஏ, பிசிஏ படிப்புகள் 2024-25 கல்வியாண்டிலிருந்து ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) வரம்புக்குள் வந்துவிட்டன. கல்லூரிக்கு அந்த ஒப்புதல் இருக்கிறதா, எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்று பார்.

வேலைவாய்ப்பு: "அதிகபட்சச் சம்பளம் 12 லட்சம்" என்று பேனர் கட்டியிருப்பார்கள். அது யாரோ ஒருவருக்குக் கிடைத்தது. போன வருடம் பிபிஏ முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை, வரிசையில் நடுவில் இருப்பவரின் சம்பளம் எவ்வளவு என்று கேள். பதில் மழுப்பலாக வந்தால் குறித்துக்கொள். முடிந்தால் மூன்றாம் வருட மாணவிகள் இரண்டு பேரிடம் கேன்டீனில் தனியாகப் பேசு. ஆசிரியர்கள் வருடா வருடம் மாறுகிறார்களா, இன்டர்ன்ஷிப் நிஜமாகவே நடக்கிறதா, இல்லை யாராவது லெட்டர் வாங்கிக் கொடுத்து முடித்துவிடுகிறார்களா என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

வெளிநாட்டுச் சான்றிதழ்: அது பட்டமா, இல்லை சில வார ஆன்லைன் வகுப்புக்குத் தரும் சான்றிதழா என்று எழுத்தில் கேள். இப்படி விற்கப்படும் சான்றிதழ்களில் நான் பார்த்தவை இரண்டாவது வகைதான்.

ஆங்கிலமும் கணிதமும் உன்னைப் பயமுறுத்துகின்றன என்று எழுதியிருக்கிறாய். பிபிஏவில் புள்ளியியல் உண்டு, வணிகக் கணிதம் உண்டு. சராசரி, சதவீதம், வட்டி, நிகழ்தகவு என்ற அளவில்தான் பெரும்பாலும் இருக்கும். அப்பாவின் பீஸ் ரேட் (ஒரு உருப்படிக்கு இவ்வளவு கூலி) கணக்கை மனதிலேயே போடுகிற உனக்கு அது வரும். கேட் எழுத நினைத்தால் மட்டும் கூடுதல் பயிற்சி வேண்டும், இரண்டாம் வருடத்திலேயே தொடங்கிவிடு. ஆங்கிலத்தைப் பொறுத்தவரை நானும் தமிழ் வழியில் படித்து வந்தவன்தான். முதல் செமஸ்டரில் 'ஆர்கனைசேஷனல் பிஹேவியர்' என்ற பாடத்தின் பெயரைச் சத்தமாகச் சொல்லக் கூசி, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என்னைக் காப்பாற்றியது ஒரு சின்னப் பழக்கம். அன்றைக்கு நடந்த பாடத்தை, ராத்திரி தமிழில் யாருக்காவது விளக்குவேன், பிறகு அதையே ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதுவேன். தேர்வு எழுதும் ஆங்கிலம் ஒரு வருடத்தில் வந்துவிட்டது. பேசும் ஆங்கிலத்துக்கு இன்னும் கொஞ்சம் நாளானது. கல்லூரி செமினாரில் முதல் ஆளாக எழுந்துவிடு, மூன்றாவது தடவைக்குள் பயம் குறையும்.

இந்த வாரம் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பைனான்ஸ் நிறுவனத்தில் அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டாரா என்று முதலில் தெரிந்துகொள். போடவில்லை என்றால் இந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டு. உனக்காக வீட்டையே வைக்கத் துணிந்த மனிதர் அவர், 'தப்புப் பண்ணிட்டீங்க' என்ற தொனி வராமல் பேசு. அப்புறம் கடைசித் தேதியைப் பார்த்துவிட்டு மின்னஞ்சலை அனுப்பு. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் எங்கெல்லாம் விண்ணப்பம் இன்னும் திறந்திருக்கிறது என்று பட்டியல் எடு, சேர்க்கை முடிந்த இடங்களிலும் காலியிடத்துக்கு இரண்டாம் சுற்று நடக்கும், நேரில் போய்க் கேள்.

சனிக்கிழமை அப்பா கூலி போடும்போது அந்த நோட்டோடு பக்கத்தில் உட்கார். எந்த ஏற்றுமதியாளரிடம் எத்தனை நாளாக எவ்வளவு பாக்கி நிற்கிறது என்று தேதி வாரியாக ஒரு தாளில் எழுது. நாற்பத்தைந்து நாளைத் தாண்டியவற்றைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, அந்தத் தொகையைக் கூட்டிப் பார். என்ன வந்தது என்று எனக்கு எழுது.